ரயிலை விட்டு இறங்காத பெண்

மூலக்குளத்தின் பேரொளியே, எங்கள் தெருவின் முதல் ஏற்றுமதியே, என் அருமை மகளே,

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, எழுதுவதற்கும் அதே கை வேண்டியிருப்பதால் கீழே இறக்கிக்கொண்டு சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்ப வேண்டாம். நம்பினால் என் இத்தனை வருடப் பெயர் கெட்டுப்போகும். உன் அம்மா மட்டும், "இன்னாயா எழுதற, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாலு பேர் என்ன, நாடே படிக்கட்டும்.

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "ரயில் கெளம்பறப்போ அம்மா என்னைப் பாத்து கைய ஆட்டினாங்க. நீ ஏம்ப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கினு கடைசிப் பெட்டியையே பாத்துக்கினு இருந்தே?" நான் உடனே, "பாப்பா, சார்ஜ் இல்ல, கட் ஆவுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் முழுசாக இருந்தது. பதில்தான் வாயில் வரவில்லை. இந்தத் தெருவில் எனக்கு வார்த்தை வராமல் போனது அதுவே முதல் தடவை என்பதால் பக்கத்து வீட்டில் சிலர் பயந்துபோய் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆட்டோ கூடப் பிடித்துவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஸ்டேஷனிலிருந்து தொடங்க முடியாது. நாள் முழுக்க டிவியில் பழைய ஹாலிவுட் படமாகப் போட்டார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், நான் எப்படி ஹாலிவுட்டின் அதிகாரபூர்வத் தமிழ்க் குரல் ஆனேன் என்பதிலிருந்து.

மில்லை மூடியபோது உன் அப்பன் தறியை விட்டு டெம்போ ஓட்டப் போனான். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு ஆள் ஏற்றும் அந்த வேலையில் வெள்ளைக்காரர்கள் ஏறுவார்கள். பீச், சர்ச், கோயில் என்று மூன்று ஆங்கில வார்த்தைகள் படிந்தன. அந்த மூன்றை மூலதனமாக வைத்துக்கொண்டு நான் ஆங்கிலப் படங்களுக்கு மொழிபெயர்ப்பு சொல்லத் தொடங்கினேன். அப்போது தெருவில் கேபிள் இழுத்த முதல் வீடு நம்முடையது. அந்த டிவியை நினைவிருக்கிறதா? இரண்டு ஆள் தூக்க, மூன்றாவது ஆள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வர வேண்டிய கனம். கறுப்பு வெள்ளையில் தொப்பி போட்ட ஒருவன் வந்து நின்றால் தெருவே என் வாயைப் பார்க்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவன் ஒரு தாசில்தார். சொந்தத் தங்கச்சியைத் தேடி வந்திருக்கான்" என்பேன். அவன் துப்பாக்கியை எடுத்தால், "கோபக்கார தாசில்தார்" என்பேன். ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை.

மறுத்துப் பேச ஒரே ஒருவருக்குத்தான் தகுதி இருந்தது. எதிர்வீட்டு சேவியர் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. வெள்ளைக்காரன் தேசமெல்லாம் பார்த்தவர். நான் கதை சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் சாய்ந்து, "வுய், வுய், கரெக்டா சொல்ற தம்பி" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையை ஆட்டுவார். அவருக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும், ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கும் தெரியாது என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு வந்தோம். இரண்டு வல்லரசுகளுக்குள் இருந்த அந்த ஒப்பந்தத்தால்தான் நம் தெருவில் அமைதி நிலவியது.

அடுத்த வீட்டு மும்தாஜ் அக்காவுக்குக் கதையைவிடத் துணி முக்கியம். தையல்காரியின் கண். படியில் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இறங்கினால் போதும், "அண்ணே, அதுக்கு எத்தினி மீட்டரு துணி இருக்கும்? வசனத்துல சொல்றாளா?" என்று கேட்பார். "சொல்றாளே அக்கா, பதினெட்டு மீட்டரு, மீதியில தலகாணி உறை தெச்சாளாம்" என்பேன். மும்தாஜ் அக்காவுக்குத் திருப்தியாகிவிடும்.

அடுத்து வயலின். இது உனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் படங்களில் ஆணும் பெண்ணும் முகத்தை முகம் பார்த்துக் கிட்டே வரப்போகிறார்கள் என்றால் அதற்குச் சற்று முன்னால் வயலின் கூடும். நான் படத்தைப் பார்ப்பதே இல்லை, வயலினைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். அது ஏறத் தொடங்கியதுமே எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்று, ஒயர் லூசாக இருக்கிற மாதிரி பின்பக்கம் குடைந்துகொண்டிருப்பேன். வயலின் இறங்கியதும் வந்து உட்காருவேன். உன் முதல் இருபது வருடங்களில் ஹாலிவுட்டில் நடந்த முத்தம் ஒன்றையும் நீ பார்த்ததில்லை. என் முதுகைத்தான் பார்த்திருக்கிறாய். என் முதுகும் ஒரு காலத்தில் பார்க்கும்படிதான் இருந்தது.

இப்போது அந்த ரயில் படத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது ஆறு வயது, அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாய். மலைக்குக் கீழே ஒரு சின்ன ஊர். சாப்பாட்டு விடுதி நடத்துகிற ஒரு அம்மா, அவளுக்கு ஒரே மகள். மகளுக்குத் தூரத்துப் பட்டணத்தில் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை கிடைக்கிறது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ரயில் ஏறுகிறாள், ரயில் நகர்கிறது, பிளாட்பாரத்தில் அந்த அம்மா கையை ஆட்டிக்கொண்டே நிற்கிறாள். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலமே தேவையில்லை. நீ அண்ணாந்து பார்த்து, "அந்த அக்கா எங்கம்மா போவுது?" என்று கேட்டாய். உன் அம்மாவின் கை உன் வயிற்றைச் சுற்றி இறுகியதை நான் பார்த்தேன். அவ்வளவுதான், என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "எங்கயும் போவல பாப்பா. மனசு மாறிடுச்சி. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கத்துக் கதவு வழியா எறங்கிடுச்சி. பின்னாடி சந்து வழியா வூட்டுக்குப் போயிடுச்சி." உன் அம்மா திரையைக் காட்டி, "அப்ப இந்தம்மா யாருக்கு டாட்டா காட்டுது?" என்றாள். கேள்வியா அது, கத்தி! ஆனால் நானும் சாதாரண ஆளா? "ரயில் கார்டுக்கு. பொண்ணு எறங்கற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சாரு இல்ல, அதுக்கு நன்றி சொல்லுது" என்றேன். சேவியர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "வுய்" என்றார்.

அந்தப் படத்தை அதற்கப்புறம் எத்தனையோ தடவை போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக இறங்கினாள். உலகத்தில் மற்ற எல்லா ஊர்களிலும் அவள் போய்விட்டாள், மூலக்குளத்தில் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டாள். உன் அம்மாவுக்கு அது படமே இல்லை, வீட்டு வழக்கு ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புப் புத்தகம். யார் வீட்டுப் பிள்ளையாவது வெளியூர் போகிறேன் என்றால், "அந்த ரயில் படத்துப் பொண்ணு மாதிரி புத்தியா இருக்க வேணாமா?" என்பாள். நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போதே உனக்கு ஆங்கிலம் புரியத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் அந்தக் கடைசிக் காட்சியில் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். மாட்டிக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அதே பார்வையில், படத்தில் பேசுகிற பேச்சையெல்லாம் இந்தப் பெண் தானே தெரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. சேவியர் அண்ணன் அதற்கு இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அப்புறம் நீ வளர்ந்து, படித்து, வீட்டு மூலையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழே ஓடுகிற தமிழ் வரிகளை எழுதத் தொடங்கினாய். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "நான் வாயால செஞ்சத எம்பொண்ணு கையால செய்யறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு பம்பாயிலிருந்து, நீ சொல்கிற மும்பையிலிருந்து, உனக்கு அந்த வேலையைக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் உன்னை அங்கேயே வந்து ஆபீசில் சேரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை நீ சொன்னபோது உன் அம்மா கல்லில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "தோச ஆறுது, சாப்புடு" என்றாள். மறுநாள்தான் வாய் திறந்தாள். "வூட்லயே குந்திக்கினு தட்டற இல்ல, அதையே தட்டு. அந்தப் படத்துப் பொண்ணு வெள்ளக்காரச்சி, அதுவே ரயில வுட்டு எறங்கி வந்துச்சி. நீ மூலக்குளத்துக்காரி."

என் நிலைமையை நினைத்துப் பார். நான் கட்டிய பொய், கல்லும் சிமென்ட்டுமாக எழுந்து, என் மகள் போகிற வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. உன்னைப் போகச் சொல்ல எனக்கு வாய் உண்டா? போகாதே என்று சொல்லத்தான் மனசு வருமா? டெம்போவை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். ஏறியவர்களெல்லாம் கடற்கரைக்குப் போகணும் என்றார்கள். நான் எதிர்த்திசையில் இருக்கிற வில்லியனூருக்குக் கொண்டுபோய் விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. காலை முதல் இரவு வரை பழைய ஹாலிவுட் படங்கள், தமிழில் ஒரு சொல் கிடையாது. இப்போது எல்லார் வீட்டிலும் நம்முடையதைவிடப் பெரிய டிவி இருக்கிறது, ஆனால் கதை சொல்ல ஆள் இல்லை, ஆகவே வந்துவிட்டார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு கூட்டம் கட்டுமரத்தில் கிளம்பி, மூலக்குளத்துக்குக் கடல் கிடையாது என்று பாதி வழியில் ஞாபகம் வந்து, கட்டுமரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. தேங்காய்த்திட்டில் அன்று மீன் ஏலம் கேட்க ஆள் இல்லாமல் மீன்கள் தங்களுக்குள்ளேயே விலை பேசிக்கொண்டன. சரி, சரி. சேவியர் அண்ணனும் மும்தாஜ் அக்காவும் வந்தார்கள். காலையில் குதிரைப் படம். அந்தக் குதிரைகள் கிளப்பிய தூசியில் உன் அம்மா இரண்டு தடவை வீட்டைப் பெருக்கினாள். அடுத்தது கப்பல் படம். புயலில் ஒரு அலை எழுந்தபோது எல்லாரும் காலை மேலே தூக்கிக்கொண்டோம். தரை நிஜமாகவே நனைந்திருந்தது. சொம்பு கவிழ்ந்தது என்று சிலர் சொல்வார்கள், அவர்களுக்குச் சினிமா ரசனை கிடையாது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாட்டியப் படம். மும்தாஜ் அக்கா மனசுக்குள்ளேயே ஒரு கடைத் துணியை வெட்டித் தீர்த்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் அந்த மலை வந்தது, சின்ன ஊர் வந்தது, சாப்பாட்டு விடுதி வந்தது. தொண்டையைச் செருமி, "இந்த ஊரு இன்னான்னா…" என்று தொடங்கினேன்.

உன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ சொன்னது போதும்யா. இன்னிக்கி அவ சொல்லட்டும். அவளுக்குத்தான் படத்துக்குத் தமிழ் எழுதற வேலையாச்சே." பிறகு உன்னைப் பார்த்து, "ஒன் வாயாலயே சொல்லு. அந்தப் பொண்ணு இன்னா செய்யுதுன்னு நானும் கேக்கறேன்" என்றாள்.

எனக்குப் புரிந்தது, உனக்கும் புரிந்தது. அவள் இறங்கினாள் என்று நீ சொன்னால் உன் கதை அங்கேயே முடிந்தது. திங்கட்கிழமை நீயே உன் வாயால் வேலையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான். அவள் போய்விட்டாள் என்று சொன்னால் உன் அப்பன் தெரு முழுக்கப் பார்க்க இருபது வருடப் பொய்யனாகிப்போவான். நான் உன் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன். கூரையும் என்னைப் பார்க்கவில்லை.

நீ நகர்ந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாய். சொல்லத் தொடங்கினாய். நான் பெருமையை மறைக்கத் தெரியாதவன், அதனால் நேராகவே எழுதுகிறேன்: அப்படி ஒரு கதைசொல்லலை நான் கேட்டதில்லை. நான் ஒரு காட்சிக்குப் பத்து நிமிடம் பேசுவேன், அதற்குள் இரண்டு காட்சி ஓடிப்போயிருக்கும். நீ அவர்கள் பேசுவதற்கு முன்னாலும் பேசவில்லை, பின்னாலும் பேசவில்லை. அவர்கள் உதட்டோடு உன் உதடு போயிற்று. அந்த வெள்ளைக்காரச்சிகள் நம் தெரு முனைக் குழாயடியில் பேசுகிற பேச்சைப் பேசினார்கள். மகள் வந்து வேலை கிடைத்த செய்தியைச் சொல்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் நான் எப்போதும், "அடியே மகளே, உன்னைப் பெற்ற வயிறு" என்று ஒரு பக்கத்துக்கு வசனம் விடுவேன், மும்தாஜ் அக்கா முந்தானையை எடுத்துக்கொள்வார். நீ சின்னக் குரலில், "சூப்பு ஆறுது, சாப்புடு" என்றாய்.

"அப்புறம்?" என்றாள் உன் அம்மா.

"அவ்ளோதாம்மா. அவங்க அவ்ளோதான் சொல்றாங்க."

உன் அம்மா இடது கையால் புடவை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். இத்தனை வருடங்களாக அந்தத் திரையம்மாவின் வாயில் நான் மூட்டை மூட்டையாக வசனத்தைத் திணித்திருக்கிறேன். அவள் சொன்னது, நம் வீட்டில் தோசைக்கல்லுக்கு முன்னால் நான் காதால் கேட்ட அதே வார்த்தைதான்.

நடுவில் வயலின் ஏறியது. பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். "குந்துய்யா" என்றாள் உன் அம்மா, "அவளுக்கு வயசு ஆவுது." உட்கார்ந்தேன். அத்தனை வருடங்களில் முதல் தடவையாக நம் வீட்டில் ஒரு முத்தம் முழுசாக நடந்தேறியது. சேவியர் அண்ணன், "ஒலாலா" என்றார். மும்தாஜ் அக்கா, "அந்தாளு கோட்டுல தோள்பட்டை சரியா உக்காரல" என்றார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதற்காகவா இத்தனை வருடம் எழுந்து எழுந்து முட்டி தேய்ந்தேன்?

கடைசிக் காட்சி நெருங்க நெருங்க நான் மெல்ல மெயின் சுவிட்ச் பக்கம் நகர்ந்தேன். உன் அம்மா திரும்பாமலே, "கரண்ட்டுல கை வெச்சே, ராத்திரிக்கி சோறு கெடையாது" என்றாள். நின்ற இடத்திலேயே சுவராகிவிட்டேன். புகை வந்தது. ரயில் வந்தது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

"ஏறிட்டாம்மா" என்றாய் நீ.

"எறங்கலியா?"

"எறங்கல."

"அந்தப் பக்கத்துக் கதவு வழியா?"

"இல்லம்மா. அந்தப் பக்கமும் எறங்கல. உள்ளதான் இருக்கா. அதோ பாரு, ஜன்னல்ல அவ தொப்பி தெரியுது."

"யா அல்லா! அப்ப இத்தினி வருசமா?" என்று மும்தாஜ் அக்கா என் பக்கம் திரும்பினார். சேவியர் அண்ணன் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். இரண்டு வல்லரசுகளின் ஒப்பந்தம் அந்த நொடியில் முறிந்தது.

உன் அம்மா மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. திரையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தவளையே பார்த்தாள். "எனக்குத் தெரியாதா?" என்றாள். "மொத தடவையே தெரியும். கார்டுக்கு எவளாவது மூக்க சிந்திக்கினு டாட்டா காட்டுவாளா?"

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?" என்றேன்.

"நீ சொன்ன கத நல்லா இருந்துச்சி. பொண்ணு போவாம இருக்கிற கதன்னா யாருக்குத்தான் கசக்கும்?" என்று சொல்லிவிட்டு உன்னிடம் திரும்பினாள். "அவ திரும்பி வந்தாளா?"

எனக்குள் உடனே இரண்டாம் பாகம் தயாராகிவிட்டது. வருடா வருடம் பொங்கலுக்கு வந்தாள், கையில் ஸ்வீட் டப்பாவோடு வந்தாள், வரும்போதெல்லாம் கார்டுக்கும் ஒரு டப்பா கொடுத்தாள். வாயைத் திறந்தேன். உன் அம்மா விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன். எல்லாரும் உன்னைப் பார்த்தோம். "வந்தாம்மா" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அம்மா இளகிவிடுவாள், திங்கட்கிழமை உன்னுடையது. நான் உள்ளுக்குள், சொல்லிடு பாப்பா, சொல்லிடு பாப்பா என்று கத்திக்கொண்டிருந்தேன். சேவியர் அண்ணன்கூட உனக்காக 'வுய்' சொல்லத் தயாராகக் கழுத்தை நிமிர்த்தியிருந்தார்.

"படத்துல சொல்லலம்மா" என்றாய். "ரயிலு போறதோட முடிஞ்சிடுது."

"வந்திருப்பா இல்ல?"

"தெரியலம்மா."

அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. அப்பனுக்குத் தப்பிப் பிறந்திருக்கிறதே இது என்று நினைத்தேன். உன் அம்மா வெகுநேரம் உன் முகத்தையே பார்த்தாள். "அங்க போயி சோறு நல்லா இல்லன்னா சொல்லுவியா? ஒடம்பு முடியலன்னா? எவனாவது எடக்கு பண்ணான்னா? இல்ல, நல்லாத்தாம்மா இருக்கேன்னு போன்ல பூசி மெழுகுவியா?"

"சொல்லுவேம்மா."

"இந்த மனுசன் பொண்ணாச்சே. எப்படி நம்பறது?"

"இப்ப நம்பின இல்ல, அப்படித்தான்" என்றாய்.

உன் அம்மா முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். அடுப்படிப் பக்கம் இரண்டடி நடந்து நின்றாள். "வஞ்சிரக் கருவாடு கட்டிக் குடுத்தா ரயில்ல எடுத்துக்கினு போவலாமா?"

"பெட்டியில இருக்கறவங்க எல்லாம் அந்தப் பக்கத்துக் கதவு வழியா எறங்கிடுவாங்க" என்றேன் நான். சிரித்தது முதலில் அவள்தான்.

மகளே, அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவள் உன்னிடம் கதை கேட்கவில்லை, உன்னை எடை போட்டாள். பொய் சொல்லி அனுமதி வாங்குகிற பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது? நல்லது கெட்டது நாளைக்கு எப்படித் தெரியும்? உனக்குச் சாதகமான பொய் ஒன்று வாய்க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. தெருவே அதை எடுத்து ஊட்டத் தயாராக இருந்தது. நீ அதற்கு வாயைத் திறக்கவில்லை. என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை, கவனித்தாயா? "அப்பா பொய் சொன்னார்" என்று ஒரு தடவைகூட உன் வாயில் வரவில்லை. அவள் இறங்கவில்லை என்றுதான் சொன்னாய். அதைத்தான் நான் இப்போது டெம்போவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊர் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக்கூட பீச், சர்ச், கோயில் என்ற மூன்று வார்த்தைகளை வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

அப்பன் என்றால் புத்திமதி சொல்ல வேண்டுமாம், சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் யாராவது உன்னிடம் வந்து, முடிவு கசப்பாக இருக்கிறது, தமிழில் கொஞ்சம் இனிப்பாக எழுதிக் கொடு என்றால், எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்று என் நம்பரைக் கொடு. நீ எழுதாதே. சமைக்கச் சோம்பலாக இருந்தாலும் ரசமாவது வை. உன் அறையில் நீ தனியாகப் படம் பார்க்கும்போது வயலின் ஏறினால், காலை நீட்டி உட்கார்ந்து முழுசாகப் பார், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். ஒரு நாள் நீயே ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினால், நான் எழுந்து ஒயரைக் குடைய மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். கொஞ்சம் பழக்கம் விட்டுப்போகும் வரை முட்டி துடிக்கும், அவ்வளவுதான். போனில் அம்மாவிடம் கஷ்டத்தைக் கஷ்டம் என்றே சொல். என்னிடம் மட்டும் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல், எனக்கு வெறும் சோறு இறங்காது.

இனி ஸ்டேஷன். நீ கிளம்பிய காலையில் பாண்டிச்சேரியில் கடல் ஸ்டேஷன் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பீரங்கி ஒன்று தானாகவே வெடித்து மரியாதை செய்தது. சேவியர் அண்ணன் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு வந்து சல்யூட் அடித்தபடியே நின்றதில், அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை, இப்போது அவருக்குக் காப்பியை நாங்கள்தான் ஊட்டுகிறோம். மும்தாஜ் அக்கா உனக்குத் தைத்துக் கொடுத்த சுடிதாருக்குப் பதினெட்டு மீட்டர் ஆயிற்று. எழும்பூர் போகிற அந்த ரயில், அதற்கப்புறம் பம்பாய் போகிற ரயில், இரண்டுமே உன் கருவாட்டு மூட்டையை ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தன. இவையெல்லாம் பொய். கட்டுமரம் பொய், மீன் ஏலம் பொய், பொத்தான் பாதி பொய், கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் வேறு, அதை இன்னொரு நாள் சேவியர் அண்ணன் இல்லாதபோது சொல்கிறேன். கடிதம் முழுக்க எதை வேண்டுமானாலும் அடித்துவிடு. ஒரே ஒரு சின்ன இடத்தை மட்டும் விட்டுவை.

ரயில் நகர்ந்தது. உன் அம்மா உன் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள், நேராக, அசங்காமல். நானும் கையைத் தூக்கினேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை ஆட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பெட்டியின் வாசலில் வெள்ளை உடுப்பில் கார்டு நின்றிருந்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது, யாருக்காவது காட்டியாக வேண்டும், அவருக்குக் காட்டினேன்.

"யாருக்குயா காட்டற?" என்றாள் உன் அம்மா.

"கார்டுக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "காட்டு, காட்டு. மூக்கத் தொடச்சிட்டு காட்டு."

இது மட்டும் நிஜம், பாப்பா. கார்டு பச்சைக் கொடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, எனக்குத் திருப்பிக் கையை ஆட்டினார்.